‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது இல்லை

கேள்வி: அக்கா, எனக்கு மதுரைப் பக்கம். சென்னையில் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் மூன்று வருடம் டெஸ்டராக, அதாவது கேமை விளையாடிப் பிழை கண்டுபிடிப்பவளாக, இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் வேலைக்காக கேப்டவுன் வந்தோம். வேலை பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்து, இரண்டு மாதம் முன்பு ஒரு சின்ன ஸ்டுடியோவில் டெஸ்டராகச் சேர்ந்தேன். மொத்தம் 18 பேர். கன்சோலுக்கான (கேம் விளையாடவே உள்ள கருவி) கேம் செய்கிறார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான், எனக்குத்தான் ஒட்டவில்லை. நான் எழுதிப் போடும் பக்கில் (கேமில் உள்ள பிழை) பாதி ‘ரீப்ரோ ஆகவில்லை’ (எங்களுக்கு அது வரவில்லை), ‘பை டிசைன்’ (வேண்டுமென்றே அப்படி வைத்தது) என்று மூடப்பட்டுத் திரும்பி வருகிறது. ‘ஏணியில் ஏறும்போது கேரக்டர் மாட்டிக்கொள்கிறது’ என்று போன வாரம் ஒன்று போட்டேன். புரோகிராமர் பத்து தடவை ஏறிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். மீட்டிங்கில் வேகமாகப் பேசுகிறார்கள், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுகிறேன். ஒருநாள் டீம் லீட் ‘ஜஸ்ட் நவ் வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அடுத்த மாதம் மைல்ஸ்டோன், ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டவேண்டிய நாள். எல்லோரும் இரவு எட்டு வரை இருக்கிறார்கள். என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ப்ராய் (நெருப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்து) போடுகிறார்கள். நான் சைவம், ஏதாவது சாக்கு சொல்லி நழுவுகிறேன். ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம்தான். இந்த வேலை எனக்குச் சரிப்பட்டு வருமா?
– ஒரு வாசகி, கேப்டவுன்

பதில்:

தங்கச்சி, அந்த இரண்டு மணி நேரப் பட்டினியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது என்று அர்த்தம் இல்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற சொல் அது. அரை மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம், மறந்தும் போகலாம். ‘நவ் நவ்’ என்றால் கொஞ்ச நேரத்தில். நிஜமாகவே இந்த நிமிஷம் என்றால் ‘ரைட் நவ்’ என்பார்கள். உங்கள் லீட் உங்களைக் காக்க வைக்கவில்லை. அவர் கணக்கில் அவர் சொன்னபடிதான் நடந்துகொண்டார்.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆபீசுக்கு வழி கேட்டபோது ‘இரண்டாவது ரோபோவில் இடது பக்கம் திரும்பு’ என்றார்கள். கேம் கம்பெனிதானே, வாசலில் ஏதோ பெரிய ரோபோ பொம்மை நிறுத்தியிருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தெருவெல்லாம் பொம்மையைத் தேடிக்கொண்டே போனேன். இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்று பெயர். யாரையும் கேட்க வெட்கம். நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கும் காரணம் சொல்ல வெட்கப்பட்டு, கார் ரிப்பேர் என்று ஒரு பொய்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏணி, மீட்டிங், எட்டு மணி, ப்ராய் என்று நாலு பிரச்சினை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. புரியாததைப் புரியவில்லை என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இங்கிலீஷ் ஒரு காரணமே இல்லை. நம் ஊரில் பெரியவர்கள் பேசும்போது தலையாட்டினால் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்று பொருள். இங்கே மீட்டிங்கில் தலையாட்டினால் ‘புரிந்தது, இது என் பொறுப்பு’ என்று எடுத்துக்கொள்வார்கள். அதே தலையாட்டல்தான், இங்கே அதற்கு விலை அதிகம்.

அந்த விலையை நான் கொடுத்தது இப்படி. என் முதல் வேலையில், கேமை ஒரு கன்சோல் கம்பெனிக்குச் சரிபார்க்க அனுப்பும் நேரம். உங்களுக்கு மொபைல் அனுபவம் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: ஆப் ஸ்டோரில் ஏற்றுவதுபோல இது எளிதில் முடியாது. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றுக்கும் தனித்தனியாக நீண்ட விதிப் பட்டியல் உண்டு. சோனியுடையதை டிஆர்சி என்றும், மைக்ரோசாஃப்டுடையதை எக்ஸ்ஆர் என்றும், நிண்டெண்டோவின் சோதனையை லாட்செக் என்றும் ஆபீசில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேம் நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. சேவ் ஆகும்போது பவர் போனால் என்ன ஆகிறது, கன்ட்ரோலர் துண்டித்தால் கேம் அதைக் கவனித்துச் சொல்கிறதா, பயனர் மாறினால் குழம்புகிறதா, இதெல்லாம்தான் அங்கே கேள்வி. லீட் என்னிடம் பட்டியலைக் கொடுத்து, ‘இதெல்லாம் தெரியும்தானே?’ என்றார். தலையாட்டினேன். கன்ட்ரோலரை விளையாட்டின் நடுவே பிடுங்கிப் பார்த்தேன், மெனுவில் பிடுங்கிப் பார்த்தேன். லோடிங் திரை ஓடும்போது பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியது. கேம் திரும்பி வந்தது. மறுபடி பில்ட் (கேமின் புதிய பதிப்பு) போட்டு, மறுபடி சோதித்து, மறுபடி வரிசையில் நின்று... விளம்பரத்தில் சொன்ன தேதியே கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை வந்தது.

லீட் திட்டவில்லை. ‘ஏன் கேட்கவில்லை?’ என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இன்று என் டீமில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், முதல் மாதத்தில் கேள்வியே கேட்காதவரைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால் மீட்டிங் முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று வரியில் லீடுக்கு எழுதி அனுப்புங்கள்: ‘நான் இன்று மூன்றாவது லெவலை மட்டும் புதிய பில்டில் பார்க்க வேண்டும், பழைய சேவ் ஃபைலும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும், சரிதானே?’ தவறு இருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார். வேகமான இங்கிலீஷில் குறுக்கே புகுந்து கேட்பது கஷ்டம் என்றால், எழுத்தில் கேட்பதற்கு அந்தச் சிரமம் இல்லை. எனக்குப் பேசுகிற தைரியம் வர ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை இப்படித்தான் ஓட்டினேன்.

இனி ஏணி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம், நம் தொழிலே இதுதான்.

‘ரீப்ரோ ஆகவில்லை’ என்று வந்தால் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்று நம் காதில் விழுகிறது. அவர் சொன்னது, ‘நீ எழுதியதை வைத்து என் மெஷினில் அதை வரவழைக்க முடியவில்லை’ என்பது மட்டும்தான். முதலில் ஒன்று பாருங்கள்: நீங்கள் எதில் விளையாடினீர்கள், அவர் எதில் பார்த்தார்? நீங்கள் டெவ்கிட்டில் (கேம் செய்பவர்களுக்கென்றே தரும் கன்சோல்) பார்த்திருப்பீர்கள். அவர் தன்னுடைய பெரிய கம்ப்யூட்டரில், கேமை உருவாக்கும் எடிட்டர் மென்பொருளுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

என் டீமில் ஒரு பையனுக்கு இதே மாதிரி ஒரு ஏணி வந்தது. கேரக்டர் ஏணியின் நடுவில் நின்றுவிடும், மேலேயும் போகாது, கீழேயும் வராது. அவனும் உங்களைப் போலத்தான் எழுதினான், அதுவும் மூடப்பட்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘திரும்பப் போட்டுப் பார்க்கலாம், பத்து தடவை ஏறு, எத்தனை தடவை மாட்டுகிறது என்று எண்ணு’ என்றேன். பத்துக்கு மூன்று. சரி, அந்த மூன்றில் என்ன வித்தியாசம்? கேரக்டரின் கையில் விளக்கு இருந்ததா, இல்லையா? இருந்தாலும் மாட்டியது, இல்லாவிட்டாலும் மாட்டியது. ஆக விளக்கு காரணம் இல்லை, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். கேமில் மழை பெய்ததா? அதையும் அடித்தோம். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, மாட்டிய மூன்று முறையும் திரையின் மூலையில் ஆட்டோசேவ் சின்னம் (கேம் தானாகச் சேவ் ஆவதைக் காட்டுவது) சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஏழில் இல்லை. ஏணிக்குச் சற்று முன்னால்தான் செக்பாயின்ட், அதாவது கேம் தானாகச் சேவ் ஆகும் இடம். அதைத் தொட்டவுடன் ஒரு நொடிகூட நிற்காமல் ஏணியைப் பிடித்தால் பத்துக்குப் பத்து மாட்டியது.

விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஓடுகிற கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். சேவ் எழுதும்போது டெவ்கிட்டில் ஒரு ஃபிரேம் இழுத்துக்கொண்டு நின்றது. ஏணியைப் பிடித்துவிட்டோம் என்று கேரக்டருக்குச் சொல்லவேண்டிய சமிக்ஞை அந்த இடைவெளியில் விழுந்து தொலைந்துபோனது. புரோகிராமரின் வேகமான கம்ப்யூட்டரில் சேவ் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், அதனால் அவருக்கு அது நூறு தடவை ஏறினாலும் வராது. அவரும் பொய் சொல்லவில்லை, பையனும் பொய் சொல்லவில்லை.

அப்புறம் அவன் எழுதிய தலைப்பு: ‘டெவ்கிட்டில், இரண்டாவது லெவல் கிணற்றுச் செக்பாயின்டைத் தொட்டவுடன் ஏணியைப் பிடித்தால் கேரக்டர் நடுவில் நின்றுவிடுகிறது, 10/10’. கீழே பில்ட் எண், எந்தக் கன்சோல், செய்த படிகள் ஐந்து வரி, என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது, இருபது விநாடி வீடியோ, சேவ் ஃபைல். விளக்கும் மழையும் காரணம் இல்லை என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புரோகிராமருக்கு அரை நாள் மிச்சம். மறுநாள் காலையில் அது சரியாகிவிட்டது. அந்தப் புரோகிராமர் இப்போதெல்லாம் அவன் போட்ட பக் என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்.

உங்கள் ஏணியை மறுபடி திறக்கலாம், தவறே இல்லை. ஆனால் ‘இல்லை, வருகிறது’ என்று மட்டும் எழுதித் திறக்காதீர்கள். புதிதாக ஒரு தகவலாவது கையில் இருக்கட்டும்.

‘பை டிசைன்’ வேறு கதை. உங்கள் ஸ்டுடியோவில் 18 பேர் என்கிறீர்கள், அது உங்கள் அதிர்ஷ்டம். இந்த நாட்டு ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் சின்னவை. 2015இல் வந்த ப்ரோஃபோர்ஸ் என்ற கேம் உங்கள் கேப்டவுனில் உருவானது, அதைச் செய்த ஃப்ரீ லைவ்ஸ் ஸ்டுடியோதான் பிறகு டெர்ரா நில் என்ற கேமையும் செய்தது. 2018இல் நிண்டெண்டோ ஸ்விட்சில் வந்த செம்ப்ளன்ஸ் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு சிறு குழு செய்தது. பெரிய நிறுவனத்தில் டெஸ்டர் ஒரு மாடியில், டிசைனர் வேறு ஊரில். உங்களுக்கு டிசைனர் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். டீ எடுக்கப் போகும்போது, ‘அந்தக் கதவு இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கிறது, வேண்டுமென்றே வைத்ததா?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எதற்காக என்று சொல்வார், கேம் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் புரியும். சில சமயம், ‘அட, அது அப்படியா இருக்கிறது?’ என்று அவரே எழுந்து வந்துவிடுவார்.

பக் நிஜம், எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனாலும் சரி செய்யமாட்டோம் என்று மூடுவதும் உண்டு. இதில் மனம் நோகக்கூடாது. எவ்வளவு மோசம் என்பது ஒரு கணக்கு, எவ்வளவு அவசரம் என்பது வேறு கணக்கு. மெனுவைத் தொடர்ந்து நாற்பது தடவை திறந்து மூடினால் கேம் விழுகிறது என்றால் அது மோசமான பக், ஆனால் எந்த மனிதர் அப்படிச் செய்யப் போகிறார்? முதல் திரையில் கம்பெனி பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்றால் கேமுக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் அன்றைக்கே மாற்றுவார்கள். எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வது தயாரிப்பாளரின் தலைவலி. அவர் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை, அவ்வளவுதான்.

எட்டு மணி விவகாரத்துக்கு வருகிறேன். முதலில் அவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? உங்கள் பப்ளிஷர் (கேமை வெளியிடும் கம்பெனி) லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் என்றால், அவர்களுக்குக் காலை ஒன்பது மணி ஆகும்போது நமக்கு அவர்களின் கோடையில் மாலை ஆறு, குளிரில் ஏழு. இந்த நாட்டில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள், அதனால் இந்த ஒரு மணி நேர வித்தியாசம். சிலர் அந்த அழைப்புக்காக மட்டும் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் காலை பத்தரைக்குத்தான் வந்திருப்பார்கள், நீங்கள் எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருப்பீர்கள். இதையெல்லாம் பார்க்காமல் மற்றவர்கள் எழுந்திருக்கும் வரை நாமும் உட்கார்ந்திருப்பது நம் ஊர் ஆபீஸ் வியாதி. எனக்கும் இருந்தது.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1997ஆம் ஆண்டின் வேலை நிபந்தனைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஓவர்டைம் நீங்கள் ஒப்புக்கொண்டால்தான், அதுவும் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம், அல்லது ஒப்புக்கொண்டால் அதற்கு ஈடாக லீவு. ஆனால் ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு இந்த மணிக்கணக்கு விதிகள் பொருந்தாது. அந்த வரம்பு வருடாவருடம் மாறும். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு ஏறத்தாழ 2,61,700 ராண்ட் ஆனது. நீங்கள் வரம்புக்குக் கீழா மேலா என்று பாருங்கள். மேலே என்றால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அதை எடுத்து இன்று இரவே படியுங்கள், கையெழுத்துப் போட்ட அன்றைக்குப் படித்திருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

படித்துவிட்டு லீடிடம் நேராகக் கேளுங்கள்: ‘மைல்ஸ்டோன் வரைக்கும் நான் எந்த நாட்களில் இரவு இருக்கவேண்டும்? அந்த நேரத்துக்குப் பதிலாக லீவா, பணமா?’ இப்படிக் கேட்டால் திமிர் என்று நினைப்பார்களோ என்று பயப்படாதீர்கள். இங்கே இது சாதாரணக் கேள்வி. தேவைப்படும் இரண்டு நாள் இருந்து உருப்படியாக வேலை செய்யுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தூங்கி வழியும் கண்ணோடு போடும் பக்கை மறுநாள் நாமே மூடவேண்டியிருக்கும். மாதக்கணக்கில் எல்லோரும் எட்டு மணி, ஒன்பது மணி என்று போய்க்கொண்டே இருந்தால் மட்டும் யோசியுங்கள். அது மைல்ஸ்டோன் இல்லை, திட்டமே தப்பு.

லீவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே வந்த முதல் வருடம் நான் பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டு, லீவே இல்லை என்று தெரிந்து அழுதவள். சட்டப்படி குறைந்தது 21 நாள் லீவு என்பார்கள், சனி ஞாயிறு சேர்த்த கணக்கு அது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் கைக்கு வருவது 15. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பாதி நாடு கடையைச் சாத்திவிடும், உங்கள் ஸ்டுடியோவும் சாத்தலாம். பல இடங்களில் அந்த நாட்களை உங்கள் பதினைந்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள். எட்டு நாள் அதில் போனால், பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் மிச்சம் ஏழு. நம் பண்டிகை எதுவும் இங்கே அரசு விடுமுறை இல்லை. அதனால் எத்தனை நாள் கழிப்பார்கள் என்று இப்போதே கேட்டுக்கொண்டு, மதுரைக்கு டிக்கெட் எடுங்கள்.

மின்வெட்டு பற்றி ஒரே வரி: 2023 மாதிரி மோசம் இப்போது இல்லை, இருந்தாலும் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் பாதி எழுதிய ரிப்போர்ட்டைச் சேவ் செய்யாமல் காபி போடப் போகாதீர்கள்.

ஆபீஸில் கோவெண்டர், மூட்லி, படையாச்சி, பிள்ளை என்று யாராவது இருக்கிறார்களா? பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நமக்குத் துள்ளும், போய்த் தமிழில் பேச்சைத் தொடங்குவோம், அவர்கள் விழிப்பார்கள். கவுண்டரும் முதலியும் 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பல் வந்த காலம் தொட்டு இங்கிலீஷ்காரன் காதில் விழுந்து இப்படி ஆன பெயர்கள். நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. பேச்சு போயிருக்கும், ஆனால் பாட்டியை ஆயா என்பார்கள், தாத்தா என்பார்கள், காவடி எடுப்பார்கள். நான் முதலில் ‘தமிழ் தெரியாதா?’ என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். கேட்ட விதத்தில் ஒரு குத்தல் இருந்திருக்கிறது, அவர் முகம் மாறியது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் புளிக்குழம்பைக் கொஞ்சம் டப்பாவில் கொண்டுபோங்கள், மற்றதை அவர்களே பேசுவார்கள்.

இப்போது ப்ராய். வாரம் முழுவதும் ஸ்லாக்கில் (ஆபீஸ் மெசேஜ் ஆப்) பேசாத விஷயமெல்லாம் அந்த நெருப்பைச் சுற்றி நின்றுதான் பேசுவார்கள். அடுத்த கேம் என்ன, யார் போகப் போகிறார்கள், எந்த லெவலை வெட்டப் போகிறார்கள், எல்லாம். ‘இன்றைக்கு வேலை இருக்கிறது’ என்று நீங்கள் நழுவினால், அவர்களுக்கு நீங்கள் சைவம் என்று தெரியாது, அவர்களைப் பிடிக்கவில்லை என்றுதான் தெரியும். ‘நான் இறைச்சி சாப்பிடமாட்டேன், ஆனால் வருகிறேன்’ என்று ஒரு வரி போதும். அவரவர் சாப்பாட்டை அவரவர் கொண்டுவருவது இங்கே வழக்கம்தான். சோளக்கதிர் கொண்டுபோங்கள், நம் கடற்கரையில் சுடுகிற அதே கதிர்தான், இங்கே மீலி என்பார்கள். இன்னொன்று, ப்ராய்ப்ரோய்க்கி என்று ஒன்று செய்வார்கள்: இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் சீஸ், தக்காளி, வெங்காயம், கொஞ்சம் சட்னி, வெளியே வெண்ணெய் தடவிக் கம்பி வலைக்குள் அடைத்து நெருப்பில் காட்டுவது. முழுச் சைவம். அதே கம்பியில் இறைச்சி பட்டிருக்குமே என்று சங்கடமாக இருந்தால், அலுமினியத் தாளில் சுற்றிச் சுடச் சொல்லுங்கள், அல்லது உங்களுக்கென்று ஒரு கம்பி வலை வாங்கிக்கொண்டு போங்கள். நான் ஒன்று வாங்கினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் ப்ராய்ப்ரோய்க்கி சுடுவது என் பொறுப்பாகிவிட்டது. வெங்காயம் நறுக்கி நறுக்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டே, எங்கள் டிசைனரிடம் ஒரு லெவலைப் பற்றி நாலு மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்தேன்.

இன்னும் இரண்டு விஷயம். மதுரையில் ‘நாள் பூராவும் கேம் விளையாடச் சம்பளமா?’ என்று கேட்பார்கள். ஒரே கதவை முன்னூறு தடவை திறந்து மூடுவதுதான் வேலை என்று சொல்லிப் பாருங்கள், பரிதாபப்படுவார்கள். ஆனால் நிரூபிப்பதற்காக மானிட்டரைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள், அக்கா பையன் எவ்வளவு கெஞ்சினாலும். அறிவிக்காத கேமின் ஒரு படம் வெளியே போனாலும் நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தப்படி அதோடு வேலை முடிந்தது. டெவ்கிட்டின் பின்னால் இருக்கும் எண்கூட அந்தப் படத்தில் விழக்கூடாது.

இன்னொன்று, கேம் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் டெஸ்டர்கள் பெயர் வருமா, கேம் வெளிவருவதற்கு முன் விலகியவர்கள் பெயரும் வருமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அதுதான் சான்று. ஒரு காலத்தில் புரோகிராமருக்கே பெயர் போடமாட்டார்கள். அடாரியில் வாரன் ராபினெட் என்பவர், அட்வென்ச்சர் என்ற கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை ஒளித்துவைத்துவிட்டுப் போனார். நீங்கள் ரகசிய அறை கட்டவேண்டாம், மெயில் அனுப்பினால் போதும்.

சரிப்பட்டு வருமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ப்ரொபேஷன் முடிய ஒரு மாதம் என்கிறீர்கள், அந்தக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே லீடிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். ‘ஜஸ்ட் நவ்’ என்பார், ‘வியாழக்கிழமை மூன்று மணிக்கு?’ என்று கேளுங்கள். என் ரிப்போர்ட்டில் எது குறைகிறது, எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அன்று மாலையே அவருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

என்ன பேசுவது என்று யோசித்துக் குழம்பவேண்டாம். எனக்கு எழுதிய கடிதத்தையே பாருங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. நான் இந்த வருடம் படித்த நல்ல பக் ரிப்போர்ட்களில் அதுவும் ஒன்று. அதை இங்கிலீஷில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ‘சாக்கு சொல்லி நழுவுகிறேன்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.